மூடியை அழுத்தாத சப்ரி

சாய்ந்தமருதில் ‘ஸ்கேனர் சப்ரி’ என்றால் ஓட்டோக்காரர்களுக்கும் தெரியும். தபாற்கந்தோரில் ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் சும்மா இராமல், கறையான் தின்ற மார்க்கப் புத்தகங்களைத் தேடி நிந்தவூர், பொத்துவில் என்று பஸ் ஏறித் திரிந்தால் ஊர் பட்டப்பெயர் வைக்காமல் விடுமா? மௌலிது, பைத்து, தொழுகை விளக்கம் என்று மறுபதிப்பே காணாத மெல்லிய புத்தகங்கள். தொழுகைக்குப் போலக் கைகால் முகம் கழுவி வுழூ செய்துவிட்டு உட்கார்ந்து, மேசையிலிருக்கும் சின்ன ஸ்கேனரில் பக்கம் பக்கமாக எடுத்துக் கணினியில் சேர்ப்பார்.

அவர் மனைவி சரீபாவுக்கு அதில் ஒரே ஒரு புத்தகம்தான் முக்கியம். அவளுடைய வாப்பா மார்க்கப் பாடல்கள் எழுதி அச்சிட்டது. வீட்டில் கட்டுக்கட்டாக இருந்ததைச் சுனாமி கொண்டுபோனது. வாப்பாவையும்தான். பொத்துவிலில் ஒரு மச்சியின் பெட்டிக்குள் ஒரு பிரதி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதை மறுபடி அச்சில் பார்த்தால் போதும் என்று சரீபா வாய்விட்டே சொல்வாள்.

சப்ரி ஸ்கேனர் மூடியை அழுத்தமாட்டார். அல்லாஹ்வின் பெயருள்ள பக்கத்தைக் கவிழ்த்து வைக்கவே அவருக்கு மனம் கூசும்; அதன்மேல் கையூன்றி அமுக்குவதா? பட்டும் படாமல் மூடியைச் சாய்ப்பார். மாமனாரின் புத்தகத்தையும் அப்படித்தான் எடுத்தார்.

எடுத்து முடிந்தபோது ஒட்டு விட்டுத் தாள்களெல்லாம் கழன்றிருந்தன. ஒரு பக்கமும் தவறவில்லை என்று திரையில் சின்னச் சின்னப் படங்களாகப் பார்த்துக்கொண்டார். குர்ஆன் ஆயத்து எழுதிய தாள் பறந்துபோய் யார் காலிலும் மிதிபடக் கூடாதே என்று, வெள்ளைத் துணியில் கல்லோடு கட்டி, தோணிக்கார றிம்சானிடம் கொடுத்து ஆழக்கடலில் இறக்கச் சொன்னார். சரீபாவும் சம்மதித்தாள். கணினியில்தான் இருக்கிறதே.

அச்சுக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் றிஸ்மி போன் எடுத்துக் கூப்பிட்டான்.

“காக்கா, நடுவுல முழுக்கக் கறுப்பாக் கிடக்கு. இந்தப் பக்கத்துல வரி முடியல்ல, அந்தப் பக்கத்துல வரி தொடங்கல்ல. புத்தகத்த மறுகா ஒருக்கா அமத்தி எடுத்துத் தாங்க.”

சப்ரி படங்களைப் பெருப்பித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சரீபா வாப்பாவின் பாட்டைச் சத்தமாக வாசித்தாள். ஒவ்வோர் அடியும் தாள் மடியும் இருட்டுக்குள் போய் நின்றது.

“இதுக்குப் புறகு என்ன?” என்று கேட்டாள். அதைச் சொல்ல இனி யாருமில்லை.

“மூடிய அமத்தல்லியா நீங்க?”

“கிதாபுக்கு மேல எப்பிடிப் புள்ள கைய ஊண்டுற?”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அண்டைக்குக் கடல் தானா வந்து எடுத்திச்சி,” என்றாள். “இத நாமதானே கட்டிக் குடுத்த.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

முன்பு எடுத்த புத்தகங்களையும் சப்ரி திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கறுப்பு. அதன்பிறகு அந்த மேசைப் பக்கமே அவர் போகவில்லை.

நோன்பு கழிந்து நிந்தவூர் அப்துல் ஸமட் ஒரு பைத்துப் புத்தகம் கொண்டுவந்தார். ஊரில் அது ஒன்றுதான் இருக்கிறதாம். சப்ரியால் தட்ட முடியவில்லை. கண்ணாடியில் விரித்து வைத்தார். மூடியைச் சாய்த்தார். கை அதற்குமேல் இறங்க மறுத்தது.

அடுப்படியிலிருந்து சரீபா வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிஸ்மி சொல்லி, இரண்டு கையையும் மூடிமேல் ஊன்றி அமுக்கினாள். புத்தகத்தின் முதுகு முறியும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

“இப்ப எடுங்க,” என்றாள்.