தொட்டால் மங்கும் வண்டு

பூச்சியை டப்பாவில் அடைத்துக்கொண்டு வரக் கூடாது என்பது அந்தத் தெருவுக்கு எக்ஸ்சேஞ்சு அக்கா விதித்திருந்த சட்டம். யார் வீட்டுத் தோட்டத்திலாவது இலை அரிபட்டிருந்தால், அவரைச் செடியிடம் அழைத்துக்கொண்டு போக வேண்டும். பிடித்து வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பெயர்.

சட்டம் தெரிந்திருந்தும் எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் காலையில் பொத்தான் டப்பாவோடு வந்து நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பொறிவண்டு செடிக்கு நல்லது, ஒண்ணும் பண்ணாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி விட்டு வெச்சேன். இப்பப் பூசணி இலையெல்லாம் சல்லடையா நிக்குது!"

"டப்பாவை மூடுங்க. செடிகிட்ட போகலாம்."

"உள்ளேதான் இருக்கே, பாருங்களேன்."

"பயந்துபோனவனைப் பார்த்து அவன் யாருன்னு எப்படிச் சொல்றது? போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தினா உங்களையே உங்க வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரியாது."

"தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவா" என்று முனகியபடி தையல்காரர் பின்னால் நடந்தார்.

பூசணிக் கொடியருகே அக்கா குனிந்து, நிழல் இலையில் விழாதபடி விலகி நின்றார். நீண்ட உடல், நீண்ட மீசை, புள்ளியே இல்லாத செம்மஞ்சள் முதுகு. "பொறிவண்டு அரை உருண்டையா இருக்கும், மீசை குட்டை. இது பூசணி வண்டு. மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது! காலையில பனி காயறதுக்குள்ள மந்தமா இருக்கும், கையாலேயே பொறுக்கிடுங்க. வெயில் ஏறிட்டா பறந்துடும்."

நிறத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். ஆள் அண்டியதும் வண்டு என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி. தெள்ளுப்பூச்சியைப்போல் துள்ளிக் குதிக்கிறதா, செத்தது போல் பொத்தென்று மண்ணில் விழுகிறதா, அல்லது கவிழ்த்த தட்டுப்போல் இலையோடு இலையாக அப்பிக்கொள்கிறதா? இணைப்பகத்தில் பழகிய பழக்கம் அது. காதில் கருவியும் கையில் கம்பியுமாக உட்கார்ந்திருந்த காலத்தில், அழைப்பவர் வாய் திறக்கும் முன்பே ஆளைச் சொல்லிவிடுவார். துணிக்கடைக்காரர் ஒரு முறை கனைப்பார். பல் மருத்துவர் விரலால் மேசையைத் தட்டுவார். வங்கி மேலாளர் பெருமூச்சு விடுவார். அவருடைய அண்ணன் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், டெலிபோனுக்குள் எச்சில் தெறித்துவிடுமோ என்று பயந்தவர் போல.

டப்பாவை அவர் வெறுத்ததற்கும் அந்த அண்ணன்தான் காரணம்.

அக்கா சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு முலாம் பூசும் பட்டறை இருந்தது. கடிகார உறைகள், பரிசுக் கோப்பைகள், பதக்கங்கள் எல்லாம் அழுக்குப் பித்தளையாக வந்து பளபளவென்று திரும்பும். வீட்டின் முன்னறையே பட்டறை. அமிலத்தின் காரமான நெடி சமையலறை வரை வரும். பின்புறத்தில் வேலியை மூடிப் படர்ந்த ஒரு கொடி, விடிந்ததும் ஊதா நிறத்தில் பூத்து நண்பகலுக்குள் வாடிவிடும். ஒரு மழைக்கால விடுமுறையில், அந்தக் கொடியின் இலையொன்றில் ஒரு துளிப் பொன் உட்கார்ந்திருப்பதைச் சிறுமி கண்டாள். ஓரம் கண்ணாடிபோல் தெளிந்தும், நடுவில் உருக்கி ஊற்றியது போல் மின்னியும் இருந்தது. அதற்கு ஆறு கால்களும் இருந்தன.

பவுடர் டப்பாவில் அதைப் பிடித்து மூடிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். அண்ணன் கோப்பையொன்றைத் திராவகத்தில் முக்கிக்கொண்டிருந்தான். பாதியில் விட முடியாத வேலை. "இரு, வரேன்" என்றான். அவள் மூடிய டப்பாவோடு வெகுநேரம் நின்றாள். அவன் கை கழுவித் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தபோது, உள்ளே செத்துக் கிடந்தது ஒரு பழுப்பு வண்டு. உலர்ந்த விதைபோல் இருந்தது.

"இதுவா தங்கம்?"

"சத்தியமாண்ணா, தகதகன்னு இருந்துச்சு!"

"தங்கம் கறுக்காது. கறுத்துப்போனா அது முலாம்" என்றான் அண்ணன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று முதல் அவள் பெயரே முலாம் ஆயிற்று. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தபோது, "முலாம், நல்லா உரசிப் பார்த்தியா?" என்றான் அண்ணன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமே, "இதுதான் எங்க முலாம்" என்று அறிமுகம் செய்துவைத்தான். கணவர் இறந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில், தினமும் தொலைபேசியில் ஒரு சிறு மௌனத்துக்குப் பின் அதே குரல் கேட்கும்: "முலாம், சாப்பிட்டியா?"

கால ஓட்டத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழந்தைக் கண் எதையோ எதுவாகவோ பார்த்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்த பின், தையல்காரர் வீட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடியில் அதே துளிப் பொன்னை மறுபடியும் கண்டார். ஆமை வண்டு! கையை நீட்டியதும், ஒரு நிமிடத்துக்குள் பொன் வடிந்து செம்பழுப்பாயிற்று. அசையாமல் நின்று பார்த்தார். மெல்ல மெல்லப் பொன் திரும்பி வந்தது. டப்பாவுக்குள் அன்று நடந்தது என்னவென்று அப்போது விளங்கியது. பயத்தில் மங்கியது, உயிர் போனதும் மங்கியபடியே நின்றுவிட்டது.

அண்ணனிடம் ஓடினார். பட்டறை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் மனைவியை இழந்து அந்தப் பழைய வீட்டிலேயே தனியாக இருந்தார்.

"டப்பால போட்டு எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றார் அண்ணன்.

"எடுத்துட்டு வந்தா கறுத்துடும். நீங்கதான் வரணும்."

"அது சரி! நான் போனாத்தான் தங்கமா இருக்குமாம். முட்டி வலியோட இந்தப் பொய்யைப் பார்க்க அவ்வளவு தூரம் நடக்கணுமா?"

இந்த வழக்கு இருவருக்கும் பொழுதுபோக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் மகள் வந்தாள். வீட்டை விற்றாயிற்று, அப்பாவைத் தன்னோடு தொலைவிலுள்ள ஊருக்கு அழைத்துப் போகிறாள். வாங்கியவர்கள் வேலியை இடித்துச் சுவர் எழுப்பப்போகிறார்கள். அதைக் கேட்ட அன்றே எக்ஸ்சேஞ்சு அக்காவின் விளையாட்டுப் புத்தி போயிற்று. இனி அண்ணன் பார்க்கப்போவதில்லை என்றால், அந்தச் சிறுமி கடைசிவரை பொய்க்காரியாகவே நிற்பாள்.

மழை பிடித்திருந்தது. தினமும் காலையில் பழைய வீட்டின் பின்புறத்துக்குப் போய்க் கொடியை இலை இலையாகப் பார்த்தார். வட்ட வட்டமாக ஓட்டைகள் இருந்தன. தன் கழிவையே குடைபோல் முதுகில் தூக்கித் திரியும் ஆமை வண்டுப் புழுக்களும் இருந்தன. வண்டைத்தான் காணோம்.

"அத்தை, மூட்டை கட்ட உதவுவீங்கன்னு பார்த்தா, புழுவை எண்ணிட்டு இருக்கீங்க" என்று சலித்துக்கொண்டாள் அண்ணன் மகள்.

புறப்படும் நாளும் வந்தது. வாசலில் வண்டி நின்றது. கடைசியாக ஒரு முறை என்று பின்புறம் போனவர், இடுப்புயரத்தில் ஓர் இலையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ஓடிப் போய் அண்ணனைத் தேடினார்.

"அண்ணா, வாங்க. ஒண்ணும் பேசாதீங்க. வெறுமனே வாங்க."

"வண்டி நிக்குது, முலாம்."

"நிக்கட்டும். அன்னைக்கு நான் நின்னேன்ல?"

அண்ணன் கைத்தடியைக் கையில் எடுத்தார். பிறகு அதை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

இலையருகே குனிந்தவரின் முகம் மாறியது. ஆயுள் முழுவதும் பொன்னிறத்தை எடை போட்டுப் பழகிய கண்கள் அவை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே நீண்டு, வண்டின் முதுகைத் தொட்டன, பூச்சு எவ்வளவு கனம் என்று பார்ப்பது போல. வண்டு இலையோடு அப்பிக்கொண்டது. பொன் மங்கியது, செம்பாயிற்று, பழுப்பாயிற்று.

அண்ணன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "செத்துருச்சா?"

"இல்லண்ணா. பயந்துருச்சு. பொறுங்க."

வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது. "அப்பா!" என்று மகள் கூப்பிட்டாள். அண்ணன் திரும்பவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். பழுப்பின் நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் கசிந்தது. அது ஓரம் வரை பரவிற்று. உருக்கி ஊற்றியது போல் மறுபடியும் மின்னியது.

 என் தப்பு என்றோ, நீ சொன்னது சரி என்றோ அண்ணன் சொல்வார் என்று தங்கை காத்திருந்தார். அவரோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மழைல சளி பிடிச்சிருச்சு" என்று மட்டும் சொல்லி வண்டியில் போய் ஏறினார்.

வேலி போனது, சுவர் வந்தது. அந்த வழியாகப் போவதை எக்ஸ்சேஞ்சு அக்கா நிறுத்திவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணா."

"முலாம், இங்க பால்கனித் தொட்டியில ஒரு வண்டு உட்கார்ந்திருக்கு. பச்சையா, மினுமினுன்னு."

"டப்பால போட்டீங்களா?"

"ச்சே, நான் தொடவே இல்ல. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கேன்."

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சரி, என்ன பண்ணுது? சொல்லுங்க."