அது எலியின் மூத்திரம் இல்லை

முதுகலை மருந்தியல் படித்தபோது, சிறுபீளைச் செடியின் சாறு சிறுநீரைப் பெருக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பதுதான் என் ஆய்வு. ஸ்ரீராம்புரத்து வீட்டில் அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"எலி மூத்திரத்த அளக்கவாடி இவ்ளோ படிச்ச?"

"ஆமா" என்றேன்.

கம்பித் தரையுள்ள கூண்டில் எலி இருக்கும். கீழே புனல், அதற்கும் கீழே குழாய். மறுநாள் காலை குழாயில் சேர்ந்ததை அளப்போம். முதல் சுற்றிலேயே சாறு குடித்த எலிகள் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை கொடுத்த எலிகளையே மிஞ்சிவிட்டன. என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு ஒரே குஷி. அன்றே கட்டுரைக்குத் தலைப்பும் சொல்லிவிட்டார்.

எனக்கென்னவோ அந்தச் சிறுநீரின் நிறம் உறுத்தியது. வெளுத்துக் கிடந்தது, வாடையும் இல்லை. காலியான கூண்டுகளில் தண்ணீர்ப் புட்டிகளை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். சாறு கொடுத்த எலிகளின் கூண்டு வரிசையில் மட்டும் புட்டிகளின் மூக்கு கசிந்து, சொட்டுகள் நேராகப் புனலில் விழுந்தன.

பேராசிரியையின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"மேடம், அது எலி மூத்திரம் இல்ல. தண்ணி."

"சும்மா இரும்மா. கொஞ்சம் சிந்தியிருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நல்ல ரிசல்ட்ட நீயே கெடுத்துக்காதே."

"திரும்பப் பண்றேன் மேடம்."

"புது எலிக்கு பர்மிஷன் கிடைக்காது. நீ இந்த வருஷம் முடிக்க மாட்டே."

"எலிங்களுக்கு ஓய்வு கொடுத்துட்டு அதுங்கள வெச்சே பண்றேன். எலிச் சோதனைக்கு அனுமதி தர்ற கமிட்டியில நானே கேக்கறேன். இந்தக் கணக்குக்குக் கீழ என் பேரு வராது."

அவர் முகம் சிவந்தது. கதவைத் தாண்டும்வரை நான் குரலைத் தாழ்த்தவில்லை.

கமிட்டி அனுமதித்தது. புட்டிகளை மாற்றி மறுபடி செய்தேன். சிறுபீளை வேலை செய்தது, ஆனால் கொஞ்சமாக. மாத்திரைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கசிந்த சுற்றையும் சேர்த்து இரண்டையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பான சுற்ற நீக்கியிருக்கலாமே?"

"அதுவும் நடந்ததுதானே சார். எதுக்கு நீக்கணும்?"

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேறினேன், குறைந்த மதிப்பெண்ணில். கட்டுரை வெளிவரவில்லை. வேலைக்குப் போன நேர்காணல்களில் மதிப்பெண் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் முழுக்கதையையும் சொன்னேன். இரண்டு இடங்களில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில்தான் இப்போது வேலை பார்க்கிறேன்.