பூங்காவில் ஓடிய மோட்டார்

வேப்பம்பூ வாசனை... கூடவே பக்கத்துச் சந்திலிருந்து வரும் அயர்னிங் ஆவியின் வாசம். பங்குனி ஞாயிறு என்றால் எனக்கு இன்றைக்கும் இந்த இரண்டும்தான்.

கல்யாணமாகி, தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூர் வந்த புதிது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். மெஷின்கள் ஓடும் அந்த ஹாலுக்குள் ஒருமுறை போயிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பது தெரியும்... பேச்சு கேட்காது. இவருக்குப் பொழுதெல்லாம் அதற்குள்தான்.

வீட்டில் நான் எது சொன்னாலும் "என்னது?" என்பார். குக்கர் விசிலடித்தாலும் திரும்ப மாட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, காது கொஞ்சம் மந்தம், போகப் போகக் கூடலாம் என்றார்.

பேசாமல் அரை மணி நேரம் இருக்க முடியாதவள் நான். என் பேச்சே கேட்காத மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

பங்குனியில் ஒரு ஞாயிறு, கத்தாமல் பேச ஒரு இடம் வேண்டுமென்று அவரைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். புங்க மரமெல்லாம் புதுத்தளிர். வெயில் பட்டு இலை ஒவ்வொன்றும் மினுங்கியது. நான் பாட்டுக்கு ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தேன். திடீரென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏட்டி, சும்மா இரு. எங்கயோ மோட்டார் ஓடுது. பேரிங் போச்சு அதுல."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே!"

"டொக்கு டொக்குன்னு அடிக்கு. ஒனக்கென்ன காது செவிடா?"

யார் யாரைக் கேட்பது பாருங்கள்!

ரிப்பேரான மெஷின் சத்தம் கேட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. நேராக வாட்ச்மேனிடம் போனார்.

"அண்ணே, மோட்டார ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா காயில் எரிஞ்சிரும்."

"ஏனுங்க, அது எரிஞ்சு மாசக்கணக்காச்சுங்களே. தண்ணியே லாரிலதானுங்க வருது."

அப்புறம்தான் நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். டொக்... டொக்... டொக்... ஒரே சீராக. இந்தப் பக்கம் என்று போனால் அந்தப் பக்கம் கேட்கும். அவர் முன்னால், நான் பின்னால். புதர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுற்றி வந்து, ஒரு மரத்தடியில் அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பட்டுப்போன கிளையின் நுனியில் ஒரு குருவி! கைக்குள் அடங்கிவிடும். உடம்பெல்லாம் பச்சை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் அப்பியது போலச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். அலகைத் திறக்கவேயில்லை. தொண்டை மட்டும் ஒவ்வொரு டொக்குக்கும் உப்பி உப்பி அடங்கியது. தலையைத் திருப்பத் திருப்பச் சத்தமும் திசை மாறியது.

யம்மாடி! இத்தனூண்டு உடம்பா இந்தப் போடு போடுகிறது?

கிளையின் அடியில் வட்டமாக ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து இன்னொரு சிவப்பு நெற்றி எட்டிப் பார்த்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

"டிரில் போட்டாக்கூட இப்படி வட்டம் வராது புள்ள," என்றார். அவர் குரலே மாறியிருந்தது. முதலாளிக்கு முன்னால்கூட அவர் அப்படிப் பணிந்து பேசிப் பார்த்ததில்லை.

நான் அழுதுவிட்டேன்.

"என்னத்துக்கு அழுவுத?"

"ஒங்களுக்கு முதல்ல கேட்டுச்சுல்லா..."

அதன்பிறகு ஒவ்வொரு பங்குனிக்கும் போவோம். வேலை நேரத்தில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், கம்பெனி மாறிப் பார்த்தார். காது மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேயிருந்தது.

இன்று அந்தப் பூங்காவில் வாக்கிங் டிராக், ஜிம், செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. மகள் போனில் தேடி, அந்தக் குருவியின் பெயர் செம்மார்புக் குக்குறுவான் என்று காட்டினாள். எங்களுக்கு அது இன்னமும் மோட்டார்தான். இவர் காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். அதிலும் பாதிதான் விழுகிறது.

போன ஞாயிறு போயிருந்தோம். சத்தம் இந்த முறை எனக்குத்தான் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிளையைக் கை காட்டினேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்... அவர் விரல் என் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. டொக், டொக், டொக். அந்தத் தொண்டை உப்புவதைப் பார்த்தே தட்டுகிறார். என் காதில் விழுந்ததற்கும் அவர் தட்டியதற்கும் இம்மி பிசகவில்லை.

"கேக்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"கேக்கல புள்ள," என்றார். விரலை மட்டும் நிறுத்தவில்லை.

"ஆனா நல்லா ஓடுது."