கப்பலில் வாசித்த விலைக் கடிதம்

மிளகாய் விற்கக் கொழும்புக்குக் கப்பலேறியது நானும் பெரியப்பாவும். மதுரை சிம்மக்கல் மிளகாய் மண்டியை விட்டு அப்பா வரவில்லை. விலை விவரத்தைக் கணக்குப்பிள்ளையை விட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"கடல் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, சத்தமா வாசிடா" என்றார் பெரியப்பா.

வகுப்பில் நின்று வாசிப்பதுபோல் வாசித்தேன். "மூட்டை பன்னிரண்டு ரூபாய் கேட்கவும். கட்டாயமானால் பத்துக்குக் கொடுக்கவும்."

பக்கத்தில் வெற்றிலை மென்றவர், "தம்பி எம்புட்டுத் தெளிவா வாசிக்கிறாரு!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் கொழும்புக் கடையில் முதலாளிக்குப் பக்கத்தில், கப்பலில் வெற்றிலை மென்ற அவரே உட்கார்ந்திருந்தார். முதலாளி பத்துக்கு மேல் ஏறவே இல்லை.

"படிக்க வச்சதுக்கு நல்லா ஊரைக் கூட்டி வாசிச்சடா" என்றார் பெரியப்பா, ஊர் திரும்பியதும் எல்லோர் முன்னாலும். சத்தமாக வாசிக்கச் சொன்னவர் யாரென்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இருநூறு மூட்டையில் நானூறு ரூபாய் போயிற்று.