ஓவர்பிரிட்ஜில் ஜெயித்த வண்டி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்து நீங்களாகக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம். தோசைக்கல் மாதிரி தட்டையான ஊரில் குடியிருந்துகொண்டு மலையேறுகிற பைக் வாங்கியவன் நான். கடலூரில் கேப்பர் மலை இருக்கிறதே என்பார்கள். அதை மலை என்று சொல்வதற்கு ஊர்ப்பற்று நிறைய வேண்டும். டவுன் பஸ்ஸே மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.

எண்டியூரோ வகை வண்டி அது. காடு, மணல், பாறை, சேறு என்று பாதையே இல்லாத இடங்களில் மணிக்கணக்காக ஓட்டுவதற்காகச் செய்தது. நான் அதில் தினமும் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு ஆபீஸ் போனேன், மதியச் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு. சீட் உயரம். என் உயரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது ஒரு கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும், இன்னொரு கால் அந்தரத்தில் ஆடும்.

இதை வாங்கியதற்குக் காரணம் என் மச்சான், மனைவியின் தம்பி. புவனகிரியில் உளுந்து போடுகிறவன். வயலுக்குப் போக அவன் ஒன்று வாங்கினான், பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதே வண்டி, அதே இருநூறு சிசி, கலர்கூட அதேதான் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது: அவனுடையதும் என்னுடையதும் ஒன்றாக இருந்தால் எனக்கு என்ன பெருமை?

சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய், பவரை ஏற்றச் சொன்னேன். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லா இடத்திலும் என்றேன். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வருகிற பவர் வேறு, மெதுவாகச் சுற்றும்போது இழுக்கிற இழுவை வேறு. சைலன்சரைத் திறந்துவிட்டு, பெட்ரோலை அளந்து விடுகிற பெட்டிக்குள் கணக்கை மாற்றி, முன்னால் செயினைச் சுற்றுகிற பல்சக்கரம், அதுதான் ஸ்பிராக்கெட், பல் கூடுதலாகப் போட்டால் ரோட்டில் பறக்கும். ஆனால் அடியில் இழுவை குறைந்துவிடும். இதில் ‘பறக்கும்’ என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது. மூன்றையும் செய்யச் சொன்னேன்.

பவரை அளக்கிற மிஷின் எங்கள் பக்கம் கிடையாது. அவரிடம் இருந்தது ஓவர்பிரிட்ஜ். பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்து, பாலத்தின் அடியில் மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளம்பி, கியர் குறைக்காமல் உச்சிக்குப் போக வேண்டும். திணறாமல் போனால் வண்டியில் இழுவை இருக்கிறது என்று அர்த்தம். நான் அந்தச் சோதனையைச் செய்தேன். கொஞ்சம் திருத்திக்கொண்டு செய்தேன். பின்னால் ஆள் இல்லை, அரை கிலோமீட்டர் தள்ளியிருந்தே முழு ஆக்சிலேட்டரில் வந்தேன். உச்சியில் வண்டி ஒரு நொடி தரையை விட்டதாக இன்றைக்கும் நம்புகிறேன்.

வீட்டில் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. மனைவி கணக்கு டியூஷன் எடுக்கிறவள். நான் தெருமுனையில் திரும்பும்போதே சைலன்சர் சத்தத்தில் பிள்ளைகள் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுகிறார்களாம். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு கேள்வியைப் போர்டில் எழுதுவதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

“என் தம்பி வண்டியும் இதுவும் ஒண்ணுதானே? ஞாயித்துக்கிழமை வெள்ளாத்து மணல்ல ரெண்டும் போவட்டும். அவன் வண்டி செய்யாதத இது செஞ்சி காட்டுச்சின்னா வெச்சிக்கோங்க. இல்லன்னா வித்துடுங்க.”

ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் புருஷன். இவளைவிட நடுநிலையான நடுவர் கிடைக்க மாட்டார் என்று நம்பி ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள் எடுத்தது போக மிச்சமிருந்த மணலில் நாங்கள் நின்றோம். எதிர்க்கரையில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மச்சான் லுங்கியில் வந்திருந்தான். அவன் வண்டியை எட்டிப் பார்த்தேன். பின்னால் ஸ்பிராக்கெட் பெரிதாக இருந்தது.

“இன்னா மச்சான், நீயும் மாத்தியிருக்கியா?”

“பின்னாடி நாலு பல்லு ஜாஸ்தி, டயர்ல காத்து கம்மி. அவ்ளோதான் மாமா. உரமூட்டை ஏத்தணுமில்ல?”

நான் செய்ததற்கு நேர் எதிர்: வேகத்தைக் குறைத்து இழுவையை ஏற்றியிருந்தான். மனதுக்குள் அவனுக்காகப் பரிதாபப்பட்டேன். மனைவி கையைக் கீழே இறக்கினாள், கிளம்பினோம். அவன் உளுந்து வயலைப் பார்க்கப் போகிற நிதானத்தில் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தான். நான் முறுக்கினேன். என் இன்ஜின் வானத்தைப் பிளந்தது, பின் சக்கரம் பள்ளம் தோண்டியது. கிளட்சைப் பாதி பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து உயிர்கொடுக்கப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வந்தது, பிறகு இன்ஜின் நின்றது. கால் ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்கு அந்தக் கட்டைவிரலைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. பெரிய மனுஷன் சாஷ்டாங்கமாக விழுவதுபோல் மிக மெதுவாக, மரியாதையாக, இடது பக்கம் விழுந்தேன். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

அக்கரை தொட்டுத் திரும்பி வந்த மச்சான் வண்டியைத் தூக்கிவிட்டான். “சவுண்டு மட்டும் அக்கரைக்கு வந்துடுச்சி மாமா,” என்றான்.

இதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. மேல் வேகத்தில் என் வண்டிக்குத்தான் பவர் ஜாஸ்தி என்றேன். இவன் தினம் மணலில் ஓட்டிப் பழகியவன், ஜெயித்தது வண்டியில்லை, பழக்கம்தான் என்றேன். பழக்கமில்லாத ஒரு ஆள் அவன் வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோகட்டும், அப்போது ஒத்துக்கொள்கிறேன் என்று சவால்வேறு விட்டேன்.

மனைவி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தம்பியின் வண்டியில் ஏறினாள். இரண்டு காலும் தரையில் பதிந்தன. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் பைக்கை இவள்தான் பெட்ரோல் போட எடுத்துப்போவாளாம். அதை மச்சான் அப்போதுதான், அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் கேட்டதில்லை. அவள் முதல் கியரில் கிளம்பி, இரண்டாவதுக்கு மாற்றி, ஒருமுறைகூடக் காலை ஊன்றாமல் அக்கரைக்குப் போனாள். திரும்பி வந்தாள். யாரும் கேட்காமலே இன்னொரு முறை போனாள். இரண்டாவது முறை ஆடு மேய்க்கிறவர் கையாட்டினார், இவளும் ஒரு கையை விட்டுப் பதிலுக்கு ஆட்டினாள்.

வந்து நின்றவள் இன்ஜினை அணைக்கவில்லை. தலையெல்லாம் கலைந்து, முகம் முழுக்க மணல். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நானே தொடங்கினேன். தோற்றுவிட்டேன், திறந்த சைலன்சரை மூடிவிடலாம், ஸ்பிராக்கெட்டையும் பழையபடி மாற்றிவிடலாம் என்று சுற்றிவளைத்துச் சொல்லிவிட்டு, குரலை இறக்கிக் கேட்டேன்.

“அப்ப… வித்துடணுமா?”

“வண்டி இருக்கட்டும், சாவிய எங்கிட்ட குடுங்க.”