ஆள் இல்லை என்று திரும்பிய பெட்டி

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் டோரீனின் போனுக்கு உயிர் வரும். பகல் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு ஏறிப் பார்த்தாள். செய்தி வந்திருந்தது. 'பெறுநர் அந்த முகவரியில் இல்லை. பொதி திருப்பி அனுப்பப்படுகிறது.'

அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். பாதி நாளில் போனால் அரைப் பெயர்தான், அரைச் சம்பளம்தான் போடுவார்கள். போடட்டும்.

பெறுநர் அவள் கணவன் கஸ்பர். கண்டி ஆஸ்பத்திரியில் அவன் குடலை வெட்டி, வயிற்றில் ஒரு துவாரம் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதன்மேல் ஒட்டும் பைகள்தான் அந்தப் பெட்டியில் இருந்தன. மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்காமல் கொழும்பிலிருந்து வரவழைத்தவை. வீட்டில் இருந்த கடைசிப் பையைக் கழுவிக் கழுவி ஒட்டியதில் இன்று காலை அதன் ஓரம் பிரிந்துவிட்டது. சுற்றிலும் தோல் வெந்து கிடந்தது.

"பார்சல் வந்துச்சா கிளாக்கரையா?"

கிளாக்கர் விஜிதரனுக்கு அவள் மகன் வயதுகூட இராது. "வந்துச்சு. அனுப்பிட்டேன்" என்றான்.

"ஏங்க?"

"வேலையாளுங்க செக்ரோல்ல கஸ்பர் பேரு இல்லையே. பேரு வெட்டுன ஆளுக்கு வர்ற சாமானை ஆபீஸ் பொறுப்பெடுக்கக் கூடாதுன்னு தொரை சொல்லிருக்காரு. தொலைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

"அதுக்காக ஆளே இல்லைன்னு சொல்லிருவீங்களா?"

"வேன்காரன் அவசரப்பட்டான், சொன்னேன். நீ ஏன் ஆபீஸ் அட்ரஸ் குடுத்த? வீட்டு அட்ரஸ் குடுக்க வேண்டியதுதானே."

"லயத்து வரிசை வீட்டுக்கு ஏதுங்க அட்ரஸ்?"

கல்யாணக் கடிதம், சாவுக் கடிதம், பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது அவற்றையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவள் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். வேறொரு முகவரி எழுதலாம் என்று டோரீனுக்குத் தோன்றியதே இல்லை. லயத்துக் கதவுகள் தேர்தல் வந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரிகின்றன.

கஸ்பர் மீசை முளைக்கும் முன்னே இந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தவன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினான். பிறகு கொழுந்து லொறிக்குச் சாக்கு ஏற்றினான். அவன் முதுகில் ஏறாத மலை இங்கே இல்லை. வயிற்றை வெட்டிய பின் வேலைக்குப் போக முடியவில்லை, பெயரையும் வெட்டினார்கள். இப்போது ஆளையும் வெட்டிவிட்டார்கள்.

வேன் நல்லதண்ணிப் பக்கம் போயிருந்தது. திரும்புவதற்கு இந்த ஒரு ரோடுதான். தவறவிட்டால் பெட்டி கொழும்புக்குப் போய்விடும்.

அவள் லயத்துக்கு ஓடியபோது கஸ்பர் வயிற்றில் துவாய்த் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தான்.

"எந்திரிங்க. ரோட்டுக்குப் போகணும்."

"நீ போய் வாங்கிட்டு வா."

"இல்லாத ஆளுக்கு நான் பொண்டாட்டின்னு சொன்னா குடுப்பானா? ஆளைக் காட்டணும்."

"நாறுதுடி."

"எனக்கு மட்டும் தெரியாதா? எந்திரிங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவன் வாசற்படி தாண்டியதில்லை. பூசைக்குக்கூடப் போகவில்லை. இப்போது எழுந்து, மேலே போட்டுக்கொள்ளக் கோட்டு கேட்டான்.

கொழுந்து லொறி கீழே பேக்டரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கஸ்பர் பழக்கத்தில் பின்பக்கம் போய்ச் சாக்குகளுக்கு நடுவே ஏறக் காலைத் தூக்கினான்.

"அண்ணே, முன்னுக்கு வாங்க" என்றான் டிரைவர் மூக்கன். "கொழுந்துல மணம் ஏறிச்சுன்னா வெள்ளைக்காரன் டீயைக் குடிச்சிட்டு யாருடா இந்தக் கஸ்பர்னு கேப்பான்."

கஸ்பர் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டோரீனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தினமும் டன் கணக்கில் கொழுந்து இறங்குகிற பாதை இது. அதில் ஒரு சின்னப் பெட்டி ஏறி வர முடியவில்லை.

சந்தியில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வேனின் விளக்கு தெரிந்ததும் அவள் ரோட்டோரம் நின்று கையை நீட்டினாள். வேன் வேகம் குறையாமல் வந்தது. மூக்கன் லொறியின் மூக்கை ரோட்டுக்குக் குறுக்கே விட்டு எஞ்சினை அணைத்தான்.

"ஸ்டார்ட் வரமாட்டேங்குது" என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

வேன்காரன் இறங்கி வந்தான். சிங்களப் பையன், கண்களில் தூக்கம். டோரீன் சிங்களத்தில் சொன்னாள். அவன் போனைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். "ரிட்டர்ன் போட்டாச்சு அக்கே. இனி கொழும்புலதான் கேக்கணும்."

"ஆள் இல்லைன்னுதானே போட்டீங்க? இதோ ஆள்."

கஸ்பர் அடையாள அட்டையை நீட்டினான். படத்தில் கன்னம் உப்பிய ஒருவன் இருந்தான். பையன் அட்டையையும் எதிரே நின்ற எலும்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது இவரா?"

கஸ்பர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான். துவாயை அவிழ்த்தான்.

டோரீன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. பையன்தான் குனிந்தான். பிறகு வேனின் பின்கதவைத் திறந்து, மூலை நசுங்கிய பெட்டி ஒன்றை இழுத்தெடுத்தான்.

"ஆபீஸ்ல இல்லைன்னு சொன்னாங்க அய்யா."

"தெரியும்" என்றான் கஸ்பர். போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டான்.

லொறியின் மறைவில் டோரீன் துவாயைத் திரையாகப் பிடிக்க, அவனே புதுப் பையை ஒட்டிக்கொண்டான். மூக்கன் பேக்டரிக்குப் போனான். இவர்கள் மலையேறினார்கள். லயத்துக்குக் குறுக்குப் பாதை பிரியும் இடத்தில் டோரீன் திரும்பினாள். கஸ்பர் திரும்பாமல் நேரே நடந்தான், அவளும் பின்னால் போனாள். மூச்சிரைக்க ஆபீஸ் படியேறி, பெட்டியைக் கிளாக்கரின் மேசைமேல் வைத்தான்.

"அடுத்த மாசமும் ஒன்னு வரும் கிளாக்கரையா. இதே பேரு, இதே அட்ரஸ்."

விஜிதரன் எழுந்துவிட்டான். "தொரைகிட்ட கேக்கணும்."

"கேளுங்க."

"அவரு பங்களாவுக்குப் போயிட்டாரு. நாளைக்கு வாங்க."

கஸ்பர் வராந்தா வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். மேசையிலிருந்து எடுத்துவந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். டோரீனும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ் போன் இருக்குல்ல" என்றான் கஸ்பர். "இப்பவே கேளுங்க. நான் இங்கதான் இருக்கேன்."