ஐந்து பட்டை போல்ட்

அந்த வீட்டில் எதையும் மூடலாம், திறக்கத்தான் முடியாது. குழாய், மருந்து பாட்டில், டப்பா என்று எல்லாவற்றையும் அவளுடைய வீட்டுக்காரர் மூச்சுப் பிடித்து முறுக்கி வைத்திருப்பார். தெருவில் அவருக்கு ‘இறுக்கி’ என்றே பெயர். பிழைப்பு டைல்ஸ் கடையில். ஆனால் ஸ்பேனரைத் தொட்டுவிட்டால் ராக்கெட்டே தன்னை நம்பித்தான் கிளம்புகிறது என்கிற மாதிரி ஒரு முகம் வரும். அந்த முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பவள். அதற்காகத் தன் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள். கல்யாணத்தைவிட வயது கூடியது, புருஷனைவிடப் பிரயோஜனமானது.

எஞ்சினின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட் இரும்பு. அது ஏறும் இடமோ அலுமினியம். கையால் ஏற்றி, ஸ்பேனரில் கால் சுற்று கொடுத்தால் தீர்ந்தது வேலை. இறுக்கிக்கு எதில்தான் தீர்ந்தது? “சேஃப்டிக்கு இன்னும் ஒரு சுத்து” என்று ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி எம்பியிருக்கிறார். துளைக்குள்ளிருந்த மரை மாவாக உதிர்ந்துவிட்டது. அந்தத் துளையில் பசையைப் பூசி போல்ட்டை ஒட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நடுரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டி வண்டி நின்றது. பெட்டியிலிருந்த ரத்தம் அத்தனையும் வீண். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றார் லேப் முதலாளி.

வீட்டில் இறுக்கி சொன்னது இது: “மட்டமான போல்ட்டு. இப்பல்லாம் எவன் நல்ல இரும்பு போடறான்?”

வெட்கம் என்று ஒன்று கிடையவே கிடையாதா என்று கேட்க வந்தாள். கேட்டால் இரும்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். வண்டியைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனாள்.

லேத்காரர் குனிந்து பார்த்தார். “யாரும்மா இந்த வேலையைப் பண்ணது?”

“எங்க வீட்டுக்காரர்.”

“போன வாட்டியும் அவருதானே?”

“அதுக்கு முந்தின வாட்டியும்.”

லேத்காரர் துளையைப் பெரிதாக்கினார். தூள் எஞ்சினுக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ள, மரை வெட்டும் கருவியில் கிரீஸ் அப்பினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக வெட்டி, புது மரைக்குள் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி உட்கார வைத்தார்.

“இதுக்கு மேல துளைக்க இடமில்லம்மா. இதுவும் போச்சுன்னா அடிப்பாகத்தையே மாத்தணும். இந்த வண்டிக்கு அது எங்கயும் கிடைக்காது. யாரும் கைவைக்காம பாத்துக்குங்க.”

ஸ்பேனரை ஒளித்துப் பார்த்தவள்தான் அவள். இறுக்கி புதிதாக ஒரு செட்டே வாங்கி வந்தார். பேசிப் பார்த்தவள்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு இறுக்கினார். கொஞ்ச நேரம் லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏண்ணே, போல்ட் தலை ஆறு பட்டையாத்தான் இருக்கணுமா?”

லேத்காரர் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது வண்டிக்கடியில் படுத்திருந்தார் இறுக்கி. ஒவ்வொரு ஸ்பேனராக வழுக்கியது. போல்ட்டின் தலை பள்ளத்தில் இருந்ததால் குறடும் நுழையவில்லை. கடைசியில் முட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“அந்த போல்ட்டுக்கு அஞ்சு பட்டை இருக்கு. எதுவும் பிடிக்கல.”

“ஒண்ணு பிடிக்கும். என் பையில இருக்கு.”

“அப்ப என் மேல நம்பிக்கை இல்லையா?”

“நிறைய இருக்குங்க. கண்டிப்பா இறுக்குவீங்கன்னு நம்பித்தான் செஞ்சேன்.”

அவர் முகம் சுண்டிப்போனது. பாவம் என்று நினைக்கப் பார்த்தாள், வரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி அசையவில்லை. அதை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க மூடினதுதானே, திறந்து குடுங்க.”

வேட்டி நுனியால் பிடித்துப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, மூடி அசையவில்லை. அவர் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாள்.